நாகர்கோவில் என்றொரு தொகுதி

தமிழ்நாட்டின் 39 நாடாளுமன்றத் தொகுதிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் நாகர்கோவில் என்ற பெயர் இருக்காது. சட்டமன்றத் தொகுதியாக இருக்கிறது. மாநகராட்சியாகக்கூட ஆகிவிட்டது. எம்.பி. தொகுதியாக மட்டும் இல்லை. 2008-ல் தொகுதி மறுசீரமைப்பு வந்தபோது அந்தப் பெயரை எடுத்துவிட்டு கன்னியாகுமரி என்று வைத்தார்கள். கடைசியாக நாகர்கோவில் என்ற பெயரில் நடந்த தேர்தல் 2004-ல்.

பெயர்தானே மாறியது, ஊர் அங்கேயேதானே இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெயரோடு ஒரு விசித்திரமான கணக்கும் முடிந்துபோனது.

1952-லிருந்து 2004 வரை, ஒரு இடைத்தேர்தலையும் சேர்த்து, நாகர்கோவிலில் 15 தேர்தல்கள். ஜெயித்தவர்கள் மொத்தம் ஏழே பேர். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட திமுக இல்லை, அதிமுகவும் இல்லை. திமுக 1967-ல் ஆட்சியைப் பிடித்த மாநிலத்தில், அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்த இரண்டு கட்சிகளைத் தவிர வேறு யாருமே கோட்டையில் உட்காராத மாநிலத்தில், ஒரு தொகுதி இப்படி இருந்திருக்கிறது. பெயர் மாறி நடந்த முதல் தேர்தலிலேயே, 2009-ல், திமுக ஜெயித்தது!

இதை வைத்து "திராவிடக் கட்சிகள் நுழைய முடியாத கோட்டை" என்று ஒரு தலைப்புப் போட்டு முடித்துவிடலாம். பல பேர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

முதலில் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 1952-ல் நாகர்கோவில் தொகுதி தமிழ்நாட்டில் (அன்றைய சென்னை மாகாணத்தில்) இல்லை. அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் காங்கிரசா கம்யூனிஸ்டா என்று யோசித்துக்கொண்டிருந்த முதல் பொதுத்தேர்தலில், நாகர்கோவில்காரர்கள் முன்னால் இருந்த கேள்வியே வேறு: நாம் எந்த மாநிலத்தில் இருக்கப்போகிறோம்? அந்தக் கேள்விக்காகவே ஒரு கட்சி இருந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் தலைவர் ஏ. நேசமணி. மார்ஷல் நேசமணி என்றால்தான் அந்தப் பக்கம் தெரியும். தொகுதியின் முதல் எம்.பி. அவர்தான்.

நேசமணி ஒரு வக்கீல். நாகர்கோவில் நீதிமன்றத்தில் உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்த காலத்தில், அந்த முக்காலிகளை எட்டி உதைத்துவிட்டு நாற்காலி கொண்டுவரச் சொன்னவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். குமரி மாவட்டத்தில் வளர்ந்த யாரும் இந்தக் கதையை ஒரு முறையாவது கேட்காமல் இருக்க முடியாது. எதற்காகச் சொல்கிறேன் என்றால்... அந்த ஊர் அரசியலில் மொழியும் சாதியும் ஒன்றின் மேல் ஒன்றாகவே படிந்திருந்தன. தமிழ் என்ற கோரிக்கைக்குள்ளேயே முக்காலிக்கும் நாற்காலிக்கும் இடையிலான சண்டையும் இருந்தது.

1952-ல் அந்தக் கட்சிக்கு திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் 8 இடம். 1954-ல் 12. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் யாருக்கும் பெரும்பான்மை இல்லாத சட்டமன்றத்தில் எட்டுப் பேர் என்பது அரசாங்கத்தைத் தாங்கிப்பிடிக்கவும் கவிழ்க்கவும் போதும்.

1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் பலர் செத்துப்போனார்கள். ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, சொந்த மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்றார். அரசு விலகவில்லை, அடுத்த வருடம் லோகியாதான் கட்சியை விட்டு வெளியே நின்றார். இந்திய சோஷலிஸ்ட் இயக்கம் உடைந்த கதையில் புதுக்கடைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அந்த ஊரைத் தாண்டி அதிகம் பேருக்குத் தெரியாது.

1956 நவம்பர் 1. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாக சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. கோரிக்கை நிறைவேறிய பிறகு நேசமணியின் கட்சிக்குத் தனியாக வேலை இல்லை, அது காங்கிரசில் கரைந்தது.

இங்கேதான் பிற்கால வரலாறு முழுவதற்கும் விதை இருக்கிறது. மதுரையிலோ தஞ்சாவூரிலோ ஒருவருக்குத் தமிழ் உணர்ச்சி வந்தால் அவர் போய்ச் சேர்ந்த இடம் திமுக. நாகர்கோவிலில் அந்த உணர்ச்சி கொடி பிடித்து, அடிபட்டு, குண்டடியும் பட்டு, கடைசியில் காங்கிரஸ்காரராகப் போய் உட்கார்ந்துவிட்டது. திமுக வந்து சேர்ந்தபோது அந்த நாற்காலி காலியாக இல்லை.

1957-ல் காங்கிரசின் பி. தாணுலிங்க நாடார் ஜெயித்தார். (இந்தப் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.) 1962-ல் மறுபடியும் நேசமணி, இந்த முறை காங்கிரஸ். 1967-லும் நேசமணிதான். 1967 சாதாரண தேர்தல் இல்லை. திமுக அலை. தமிழ்நாட்டின் 39 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை வெறும் 3. அந்த மூன்றில் ஒன்று நாகர்கோவில். அதே தேர்தலில்தான் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1285 ஓட்டில் தோற்றார்.

1968 ஜூன் 1-ம் தேதி நேசமணி காலமானார். இடைத்தேர்தல் 1969 ஜனவரியில். காங்கிரஸ் வேட்பாளர் காமராஜர்!

ஒன்பது வருடம் முதலமைச்சர், அகில இந்திய காங்கிரஸ் தலைவர், இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்ததில் பெரும் பங்கு. அப்படிப்பட்டவர் சொந்த ஊரில் தோற்று இரண்டு வருடம் கூட ஆகாத நிலையில், ஊரை விட்டு ரொம்ப தூரத்தில் உள்ள ஒரு தொகுதியில் வந்து ஓட்டுக் கேட்கிறார். இதிலும் தோற்றிருந்தால் அத்தோடு முடிந்தது. எதிர்த்து நின்றவர் சுதந்திரா கட்சியின் டாக்டர் மத்தியாஸ், அவருக்கு ஆளுங்கட்சியான திமுகவின் ஆதரவு. முதலமைச்சர் அண்ணாவோ நோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். பிப்ரவரி 3-ம் தேதி அவர் மறைந்தார். அந்த ஒரு தொகுதி முடிவுக்காக மொத்த மாநிலமும் காத்திருந்தது. காமராஜர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

குமரி மாவட்டத்தில் வயதானவர்கள் காமராஜரை அப்பச்சி என்று சொல்வதுண்டு. அந்தப் பாசம்தான் ஜெயிக்க வைத்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் முழு உண்மையாக இருக்காது. நாடார் சமூகம் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி அது, காமராஜர் எங்கே நின்றால் பாதுகாப்பு என்று கட்சிக்காரர்கள் கணக்குப் போடாமல் இருந்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம். கணக்கும் இருந்தது, பாசமும் இருந்தது. ஆனால் ஒரு லட்சம் வித்தியாசத்தை வெறும் கணக்கு மட்டும் கொடுக்காது.

1971-ல் அதைவிடப் பெரிய சோதனை. 1969 கடைசியில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. இந்திரா காந்தி திமுகவோடு கூட்டணி. காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரஸ், ராஜாஜியின் சுதந்திரா கட்சியோடு கூட்டணி. ஆமாம், இரண்டு வருடம் முன்பு நாகர்கோவிலில் அவரை எதிர்த்து ஆள் நிறுத்திய அதே சுதந்திரா கட்சிதான். அந்தத் தேர்தலில் ஸ்தாபன காங்கிரசுக்கு தமிழ்நாட்டில் கிடைத்தது ஒரே ஒரு இடம். எது என்று சொல்ல வேண்டியதில்லை.

1975 அக்டோபர் 2-ம் தேதி காமராஜர் மறைந்தபோது அவர் நாகர்கோவிலின் எம்.பி. அப்போது நெருக்கடி நிலை. அடுத்த தேர்தல் 1977 மார்ச்சில்தான் வந்தது. தமிழ்நாட்டில் அதிமுக-இந்திரா காங்கிரஸ் அணி வாரிக்கொண்டு போன அந்தத் தேர்தலிலும் நாகர்கோவில் ஸ்தாபன காங்கிரசின் குமரி அனந்தனை அனுப்பியது. மேடைத் தமிழுக்குப் பெயர் பெற்றவர். நாடாளுமன்றத்தில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காகப் போராடியவர். மொழிக்காக மாநிலம் மாறிய ஒரு தொகுதியிலிருந்து போனவர் வேறு எதைக் கேட்பார்?

அவர் எம்.பி.யாக இருந்தபோது, 1979-ல், திருவனந்தபுரம்-நாகர்கோவில்-கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டது. ஊரே கொண்டாடியது. ஆனால் அதே வருடம் தெற்கு ரயில்வேயில் திருவனந்தபுரம் கோட்டம் உருவாக, குமரி மாவட்டத்துப் பாதை அதன் கீழ் போய்விட்டது. அதாவது 23 வருடம் முன்பு உயிரைக் கொடுத்து எந்த ஊரிலிருந்து பிரிந்து வந்தார்களோ, ரயில் விஷயத்தில் மறுபடியும் அதே ஊருக்குக் கீழே. மதுரைக் கோட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அதற்குப் பிறகு எல்லாக் கட்சிகளின் வாக்குறுதியிலும் இடம்பிடித்தது, நிறைவேறியதாகத்தான் இல்லை. தனித்து நிற்கும் தொகுதி என்ற பெருமைக்கு ஒரு விலையும் உண்டு. பிரதமர்களை உருவாக்கியவர் உட்கார்ந்திருந்த தொகுதிக்கு ஒரு மத்திய இணை அமைச்சர் கிடைக்க 1999 வரை ஆயிற்று.

அடுத்து வருவது டென்னிஸ் காலம். என். டென்னிஸ் 1980, 1984, 1989, 1991, 1996, 1998 என்று தொடர்ந்து ஆறு முறை. முதல் நான்கு காங்கிரஸ், கடைசி இரண்டு மூப்பனாரின் த.மா.கா. இந்த ஆறு தேர்தல்களின் கூட்டணிகளை வரிசையாகப் பார்த்தால் தலை சுற்றும். 1980-ல் திமுக துணை. 1984, 1989, 1991-ல் அதிமுக துணை. 1996, 1998-ல் மறுபடி திமுக துணை. கூட இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், டென்னிஸ் மட்டும் அங்கேயே இருந்தார்.

இப்போது அந்தக் கோட்டைக் கதையைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். திராவிடக் கட்சிகளால் நாகர்கோவிலில் ஜெயிக்க முடியவில்லை என்பது சரி. ஆனால் அவர்கள் பெரும்பாலும் அங்கே நிற்கவே இல்லை. தொகுதிப் பங்கீடு என்று உட்கார்ந்தால், முதலில் கூட்டணிக் கட்சிக்குத் தூக்கிக் கொடுக்கிற தொகுதி நாகர்கோவில். ஜெயிக்க முடியாது என்பதால் நிற்கவில்லையா, நிற்காததால் வேர் பிடிக்கவில்லையா? கோழியா முட்டையா கதைதான். ஒன்று மட்டும் நிச்சயம். சென்னையில் ஆட்சி செய்த இரண்டு கட்சிகளுக்கும் தங்கள் சொந்த எம்.பி. இல்லாத ஒரு தொகுதி, தங்கள் ஆட்கள் வந்து முறையிடாத ஒரு தொகுதி, ஐம்பது வருடம் இருந்தது.

இதற்கிடையில் தொகுதிக்குள்ளே வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. 1982 மார்ச்சில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் திருவிழா சமயத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே மோதல். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கலவரம் கடற்கரை கிராமங்களில் பரவியது. அதற்குப் பிறகு அந்த மாவட்டத்தில் எந்தத் தேர்தலும் பழையபடி நடக்கவில்லை. மொழிக்காக ஒன்றாக நின்றவர்களை, சாதியில் ஒன்றாக இருந்தவர்களையும் கூட, மதத்தின் பெயரில் இரண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுத ஆரம்பித்தார்கள். தேநீர்க் கடையில் எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன்னால் சர்ச் ஓட்டு எவ்வளவு, கோவில் ஓட்டு எவ்வளவு என்று கூட்டிக் கழிக்கும் பழக்கம் வந்தது.

தாணுலிங்க நாடார் திரும்ப வருவார் என்று சொன்னோமே... 1957-ல் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த அவர், மண்டைக்காட்டுக்குப் பிறகு இந்து முன்னணியின் தலைவரானார். ஒரே மனிதரின் வாழ்க்கையில் தொகுதியின் மொத்தக் கதையும் அடங்கிவிட்டது. 1984-ல் பத்மநாபபுரம் சட்டமன்றத் தொகுதியில் இந்து முன்னணி ஆதரவு பெற்ற சுயேச்சை ஜெயித்தார். 1996-ல் அதே பத்மநாபபுரத்திலிருந்து சி. வேலாயுதன், தமிழ்நாட்டு சட்டமன்றத்தில் பாஜகவின் முதல் உறுப்பினராகப் போனார்.

1998-ல் அதிமுக-பாஜக அணி தமிழ்நாட்டில் 30 இடம் ஜெயித்தபோதும் நாகர்கோவில் டென்னிசிடமே இருந்தது. பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் தோற்றார். ஒரே வருடத்தில் மறுபடி தேர்தல். இந்த முறை பாஜக, திமுகவோடு. காங்கிரசும் த.மா.கா.வும் தனித்தனி அணிகளில். 1999-ல் பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்தார், வாஜ்பாய் அரசில் இணை அமைச்சரும் ஆனார். 47 வருடத்தில் காங்கிரஸ் என்ற பெயர் எந்த வடிவத்திலும் இல்லாத முதல் வெற்றி அது.

2004-ல் திமுக அணியில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். கூட்டணி அலைதான், மறுக்க முடியாது. ஆனால் விளவங்கோடு, திருவட்டார் பக்கம் ரப்பர், முந்திரித் தொழிலாளர்கள் நடுவே இடதுசாரிகளுக்கு சொந்தமாகவே செல்வாக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து வருட இடைவெளியில் பாஜகவையும் மார்க்சிஸ்டையும் அடுத்தடுத்து அனுப்பிய தொகுதி! நாகர்கோவில் என்ற பெயரில் போன கடைசி எம்.பி. பெல்லார்மின்.

மறுசீரமைப்பைப் பற்றிப் புலம்புவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை, உண்மையில். பழைய நாகர்கோவில் தொகுதியில் நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டார், விளவங்கோடு, கிள்ளியூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். கவனித்தீர்களா? கன்னியாகுமரி இல்லை! குமரிமுனைக்காரர்கள் அதுவரை திருச்செந்தூர் எம்.பி.க்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2008-ல்தான் மொத்த மாவட்டமும் ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள் வந்தது. இதில் நாகர்கோவில் இழந்தது பெயரை மட்டும். நிஜமாகவே காணாமல் போனது திருவட்டார் சட்டமன்றத் தொகுதி. அதற்காக வருத்தப்பட்டு யாரும் பெரிதாக எழுதவில்லை.

2009-ல் கன்னியாகுமரி தொகுதியின் முதல் தேர்தல். பல முனைப் போட்டி. பெல்லார்மின் மறுபடி நின்றார், இந்த முறை அதிமுக அணியில் (அதிமுக வழக்கம்போல விட்டுக்கொடுத்திருந்தது). பொன். ராதாகிருஷ்ணனும் நின்றார். திமுக இந்த முறை யாருக்கும் கொடுக்காமல் தானே நின்றது. ஹெலன் டேவிட்சன் ஜெயித்தார். 57 வருடத்தில் அந்தப் பகுதியின் முதல் திமுக எம்.பி., முதல் பெண் எம்.பி.யும் அவர்தான்.

அப்படியானால் பழைய கணக்கு நாகர்கோவில் என்ற பெயரோடு போய்விட்டதா? அதற்கு 2014-ல் பதில் கிடைத்தது. அதிமுக, திமுக, காங்கிரஸ், பாஜக நான்கும் எதிரெதிராக நின்ற தேர்தல். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத, அந்தக் கோழி-முட்டைக் கேள்விக்கு விடை தெரிந்துவிடக்கூடிய ஒரே தேர்தல். ஜெயலலிதாவின் அலையில் அதிமுக 39-ல் 37 இடம் பிடித்தது. பிடிக்காத இரண்டில் ஒன்று தர்மபுரி, இன்னொன்று கன்னியாகுமரி. அங்கே முதலிடம் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன், இரண்டாமிடம் காங்கிரசின் எச். வசந்தகுமார். அதிமுக மூன்றாவது, திமுக நான்காவது.

அந்த வசந்தகுமார் 2019-ல் திமுக துணையோடு ஜெயித்தார். 2020 ஆகஸ்டில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. 2021 இடைத்தேர்தலிலும் 2024-லும் ஜெயித்தவர் அவர் மகன் விஜய் வசந்த். வசந்தகுமார் வேறு யாருமில்லை, 1977-ல் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த குமரி அனந்தனின் தம்பி. குமரி அனந்தனின் மகள் தமிழிசை, தமிழ்நாடு பாஜகவின் தலைவராக இருந்தவர். காங்கிரசும் பாஜகவும் ஒரே வீட்டுக்குள். குமரி அனந்தன் 2025 ஏப்ரலில், 90 வயதைத் தாண்டி மறைந்தார். நாகர்கோவில் ரயில் நிலையம் அப்போதும் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருந்தது.